இன்னும் விவரம் தேவை

திங்கட்கிழமை காலை வந்த முதல் புகாரிலேயே கணக்கு உதைத்தது. லிஃப்ட்டில் இருப்பது ஒரே ஆள். எடை காட்டுவதோ இரண்டு ஆளுக்கு.

"116 கிலோ காட்டுது. நான் 58தான். உள்ளே நான் மட்டும்தான் இருக்கேன். மோகனப்பிரியா."

அனுப்பியவள் பெயரைத்தான் ஃபஸீலா முதலில் படித்தாள். வினையே அங்கேதான். ஐந்து வருஷம் இவள் மாடாய் உழைத்த டீமுக்கு, போன வருஷம் வந்த மோகனப்பிரியா வெள்ளிக்கிழமை லீட் ஆகிவிட்டாள். கேக் வெட்டக் கத்தியை எடுத்துக் கொடுத்ததே ஃபஸீலாதான், ஈயென்று சிரித்துக்கொண்டு. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் தோ பாயோவிலுள்ள வீட்டில் இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

அடுக்குமாடி லிஃப்ட்டுகளைக் கண்காணிக்கும் மென்பொருள் அவர்களுடையது. புதுப் புகார்களில் எது முதலில், எது பிறகு என்று பிரித்து வைப்பது ஃபஸீலாவின் வேலை. 'அவசரம்' என்று குறித்தால் போதும், நின்ற லிஃப்ட் தானாக அடுத்த மாடிக்கு வந்து திறந்துகொள்ளும். சோதனையெல்லாம் சொந்த ஆபீஸ் லிஃப்ட்டில்தான். அதன் கதவு அவள் மேஜைக்கு நேர் எதிரே.

"காலங்காத்தால டெஸ்டிங்காம். சீன் போடுறா லா," என்று முணுமுணுத்தாள். 'பிறகு' என்று குறித்து, 'இன்னும் விவரம் தேவை' என்று திருப்பி அனுப்பினாள். மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

வெளியே மழை. கீழே சிராங்கூன் ரோட்டுக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாய் ஏறும் சத்தமும், நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் ஆறாம் மாடிவரை வந்தன. அவற்றுக்கு அடியில், லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து, ஈரத்துணியைச் சுவரில் தேய்ப்பதுபோல வேறொரு சத்தம், விட்டு விட்டு, கேட்டுக்கொண்டே இருந்தது.

விவரம் வந்தது.

"ஃபஸீலாக்கா, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. லைட் இல்ல. அலாரம் அடிக்கல, போன்ல சிக்னல் இல்ல. லிஃப்ட் லைன்ல மாட்டின டெஸ்ட் டேப்லட்லேர்ந்து அனுப்புறேன். பின்னாடி யாரோ மூச்சு விடறாங்க. அவசரம் போடுங்கக்கா."

விரல் அந்தப் பட்டன்மேல் போனது. நின்றது. லீட் ஆனவளுக்கு இதைச் சமாளிக்கத் தெரியாதா? இருக்கட்டும். பத்து நிமிஷம் இருக்கட்டும். மறுபடியும் எழுதினாள்: 'இன்னும் விவரம் தேவை.'

"தொடுது."

அவ்வளவுதான் வந்தது.

தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. திரையில் எடை இறங்க ஆரம்பித்தது. 110. 97. 81. 64.

58.

அப்பாடா! சரியான எடை. சென்சார் கோளாறுதான், தானே சரியாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம்கூட. அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே 'அவசரம்' என்று குறித்தாள்.

லிஃப்ட் ஏறி வந்தது. மணி அடித்தது. கதவு திறந்தது.

தரையில் ஒரு சுடிதார், நின்ற இடத்திலேயே சரிந்து கிடந்தது. அதன்மேல் வாட்ச். வளையல். பக்கத்தில் டேப்லட். இரண்டு செருப்பும் ஜோடியாக.

ஆள் இல்லை.

"மோகனா?"

திரையைப் பார்த்தாள். காலி லிஃப்ட்டின் எடை, 58 கிலோ.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 0 ஆனது.

ஃபஸீலா அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை.

பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலி புஸ்ஸென்று காற்று விட்டு, மெல்ல, மெல்லக் கீழே அமுங்கியது.