காதோரம் ஒரு சொட்டு

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

சூப்பர்வைசரின் மேஜைமேல் செல்போன் அலறியது.

அவன் எடுக்கவில்லை.

எடுக்க ஆசைதான். ஆனால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தால் காத்திருந்தவன் மாதிரி தெரியுமே! களிம்பு கம்பெனியின் பேக்கிங் பிரிவு அது. சுற்றிலும் ஆட்கள். ஒரு பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். அப்புறம்தான் போனைக் காதுக்குக் கொண்டுபோனான்.

"சார்... பார்லர்லேருந்து பேசறேன் சார்..." பெண் குரல் நடுங்கியது. "அக்காவுக்குக் கலர் போட்டுட்டு இருந்தேன்... திடீர்னு முகமெல்லாம் வீங்கி... மூச்சு விட முடியாம கீழே விழுந்துட்டாங்க! உடனே வாங்க சார்!"

"ஐயோ!"

நல்ல அலறல். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பலமுறை பழகிப் பார்த்தது. வீண்போகவில்லை. பக்கத்து மேஜைக்காரர் பதறி எழுந்தார்.

"என்ன சார்? என்னாச்சு?"

"என் வொய்ஃப்... பார்லர்ல..." வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான்.

படிக்கட்டுத் திருப்பத்தில், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு விநாடி நின்றான்.

சிரித்தான்.

கொலைகாரன் யார் என்பதைக் கடைசிவரை மூடி மறைத்துச் சொல்வதுதான் வழக்கம். இந்தக் கதையில் அந்தச் சிரமம் வேண்டாம். இவன்தான்!

மனைவிக்குச் சீக்கிரமே நரைத்துவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"வெளியில பாக்கறவங்க உன்னை என் அக்காவான்னு கேக்கறாங்க. உன்கூட நடக்கவே கூச்சமா இருக்கு" என்றான் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே.

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள். மறுநாளே கடைக்குப் போய் ஏதோ ஒரு கறுப்பு டையை வாங்கிவந்து பூசிக்கொண்டாள். விடிந்தபோது முகம் பானையாக வீங்கியிருந்தது. கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இவனையும் சேர்த்து நிற்கவைத்துத் திட்டினார்.

"பிபிடின்னு ஒரு கெமிக்கல். கறுப்பு டை முக்கால்வாசியில அதுதான் இருக்கும். இவங்க உடம்புக்கு அது ஆகாது. இன்னொரு தடவை பட்டுச்சுன்னா உயிருக்கே உலை வெச்சிடும். புரியுதா?"

புரிந்தது. இவனுக்கு மிக நன்றாகவே புரிந்தது.

அதற்கப்புறம் டெஸ்பாட்ச் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கருகருவென்று இடுப்புவரை கூந்தல். "எப்ப சார் எனக்கு ஒரு வழி சொல்லப் போறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். அந்தக் கேள்வி வளர்ந்துகொண்டே இருந்த நேரத்தில்தான் மனைவி ஒரு செய்தியோடு வந்தாள்.

"ஏங்க... என் தலைக்கு ஏத்த மாதிரி ஒரு கலர் கிடைச்சிருக்கு."

"ம்."

"அம்மோனியா இல்லைன்னு டப்பாவுல போட்டிருந்தா மட்டும் பத்தாதாம். மூலிகைன்னு போட்டிருந்தாலும் நம்பக் கூடாதாம். பின்னாடி பொடி எழுத்தைப் படிக்கணுமாம். பிபிடி இருக்கக் கூடாது, அதோட கூடப்பொறந்த கெமிக்கல் எதுவும் இருக்கக் கூடாது. பார்லர்ல சுருட்டை சொன்னா."

"யாரு சுருட்டை?"

"பார்லர் வெச்சிருக்கறவதான். சுருட்டை முடி, அதான். ரெண்டு பேருமா எத்தனை டப்பாவைப் புரட்டிப் பார்த்தோம் தெரியுமா? இதுல சுத்தக் கறுப்பு வராது. கரும்பழுப்புதான். உங்களுக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லை. எங்க வெச்சிருக்கே?"

"பீரோவுல. புதன்கிழமை பார்லருக்கு எடுத்துட்டுப் போவேன்."

பல வருஷங்களுக்குப் பிறகு மனைவி பேசியதை அவன் காதுகொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் எதற்காக என்று பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. சூப்பர்வைசரிடம் சாவி இருந்தது. அவள் அலசி ஆராய்ந்து வாங்கிய டியூபின் வால் மடிப்பைப் பிரித்தான். உள்ளே இருந்த சாதுவான க்ரீமைப் பிதுக்கி எறிந்தான். தன் தலைக்குப் போடும் கறுப்பு டையின் க்ரீமை அதில் நிரப்பினான். களிம்பு டியூப்களை மூடும் மெஷினில் கொடுத்தான். நறுக்கென்று மடித்துக் கொடுத்துவிட்டது.

இரண்டு க்ரீமும் பார்வைக்கு வெள்ளைதான். டெவலப்பர் திரவத்தோடு கலந்த பிறகுதானே நிறமே ஏறும்! அதற்குள் தலையில் ஏறியிருக்கும். பழி பார்லர்காரி தலையில் விழும்.

பழுதில்லாத திட்டம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான்.

பார்லர் வாசலில் போலீஸ் ஜீப்!

எதிர்பார்த்ததுதான். கண்ணைக் கசக்கிச் சிவக்கவைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

பெரிய கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. கறுப்பு அங்கி தரையில் சுருண்டு கிடந்தது. கிண்ணத்தில் கலந்த சாயம் மேலே ஏடு கட்டி இருண்டிருந்தது. பிரஷ் ஒரு மூலையில். ஃபேஷியல் அறையின் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. தலை அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. சுருட்டை முடி.

"எங்கே? என் வொய்ஃப் எங்கே?"

காக்கி உடுப்பில் நின்ற பெண் திரும்பினாள். நாற்பதைத் தாண்டியவள். வகிட்டோரம் கொஞ்சம் வெள்ளி.

"நான் இன்ஸ்பெக்டர். அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாச்சு."

"உயிர்...?"

"இருக்கு. இழுத்துட்டு இருக்கு."

சூப்பர்வைசருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்னுமா இருக்கிறது? அந்த ஏமாற்றத்தைக் கோபமாக மாற்றிச் சுருட்டைமேல் திருப்பினான்.

"அடிப்பாவி! உன்னை நம்பித்தானே வந்தா? என்னத்தைப் பூசித் தொலைச்சே?"

"அக்கா கொண்டுவந்த டியூபைத்தான் சார் பிழிஞ்சேன்... வேற எதையும் தொடல சார்..."

"பொய்! மேடம், இவளை விடாதீங்க. கொலைகாரி!"

"யாரையும் விடறதா இல்லை சார்" என்றாள் இன்ஸ்பெக்டர் அமைதியாக. "உக்காருங்க."

அப்போதுதான் அவள் கையிலிருந்த போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் பேசறேன்." அவசரக் குரல். "அந்தப் பேஷன்ட்டோட ஹஸ்பண்ட் வந்தாச்சா?"

"பக்கத்துலதான் இருக்கார். பேசுங்க."

"சார், உங்க மனைவிக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது ஒத்துக்காமப் போயிருக்கா? எந்த மருந்து, எந்தக் கெமிக்கல்... எதுவா இருந்தாலும் சொல்லுங்க. பேர் தெரிஞ்சா காப்பாத்திடலாம். சீக்கிரம் சார்!"

இன்ஸ்பெக்டர் போனை அவன் பக்கம் நீட்டினாள்.

மூன்றே எழுத்து. பி... பி... டி. அதைச் சொன்னால் யாரும் அவனைப் பிடிக்கப் போவதில்லை. எந்தப் புருஷனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதிதான். சொல்லிவிடலாம். சொன்னால் பிழைத்துக்கொள்வாள்.

அதுதான் பிரச்னை. பிழைத்துக்கொள்வாள்!

ஒரு கணம் மனசு தடுமாறத்தான் செய்தது. 'கரும்பழுப்புதான். உங்களுக்குப் பரவாயில்லையா?' என்று கேட்ட முகம் வந்து நின்றது. எவ்வளவு ஆசையாகக் கேட்டாள்! வாயைத் திறந்தான்...

சட்டைப் பையில் செல்போன் மெல்லத் துடித்தது. டெஸ்பாட்ச் பெண்ணின் மெசேஜ். எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் டாக்டர்..." நெற்றியைத் துடைத்தான். "அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு எதுவுமே ஒத்துக்காமப் போனதில்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உயிர் விஷயம்!"

"யோசிச்சுட்டேன். எதுவும் இல்லை."

இன்ஸ்பெக்டர் போனை அணைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். ஃபேஷியல் அறைப் பக்கம் திரும்பினாள்.

"போதுமாம்மா?"

திரை விலகியது.

அவன் மனைவி நின்றிருந்தாள்!

முகத்தில் வீக்கம் இல்லை. தலையில் சாயமும் இல்லை. நரை நரையாகவே இருந்தது. கண்கள் மட்டும் அழுது அழுது சிவந்திருந்தன.

சூப்பர்வைசர் துள்ளி எழுந்தான்.

"நீ... நீ எப்படி..."

"அந்த மூணு எழுத்தை மட்டும் சொல்லிட்டார்னா போதும்னு மேடத்துக்கிட்டக் கெஞ்சினேங்க" என்றாள். குரல் உடைந்தது. "அதை மட்டும் சொல்லிட்டா, நீங்க செஞ்சதெல்லாம் ஏதோ புத்தி கெட்டுப்போய் செஞ்சதுன்னு நினைச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்னு சொன்னேன். வெக்கமில்லாம சொன்னேன்."

"உளறாதே! நான் என்ன செஞ்சேன்?"

"நான் சொல்றேன் சார்" என்று எழுந்தாள் சுருட்டை. விசும்பலைக் காணோம். "அக்கா மாதிரி தோல் உள்ளவங்களுக்கு நேராத் தலையில போட மாட்டோம். எவ்வளவு சாதுவான கலரா இருந்தாலும் சரி. முதல்ல ஒரு சொட்டு கலந்து காதுக்குப் பின்னாடி வெப்போம். ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம். ஒண்ணும் ஆகலைன்னாத்தான் தலைக்கே போகும்."

"டெஸ்ட்டா?"

"திங்கட்கிழமை வந்து வெச்சுட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரியே கொப்புளம்! பிபிடி இல்லாத டியூபுக்கு எப்படிக் கொப்புளம் வரும்? என்கிட்ட அதே கம்பெனி டியூப் இன்னொண்ணு இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். என்கிட்ட இருந்ததோட வால்ல நம்பர் குத்தியிருக்கு. அக்கா கொண்டுவந்ததுல இல்லை. மடிப்பும் வேற மாதிரி. அதைக் காட்டினதும் அக்கா பேச்சையே நிறுத்திட்டாங்க."

"எனக்குத் தெரியாத மடிப்பா?" என்றாள் மனைவி. "கல்யாணமான புதுசுல களிம்பு டியூபைக் கையில குடுத்து, 'பாத்தியா, இது நம்ம மெஷின் போட்ட மடிப்பு'ன்னு பெருமையாக் காட்டினது நீங்கதானே?"

"இதெல்லாம் ஒரு ஆதாரமா?" என்று கத்தினான்.

"பத்தாதுதான்" என்றாள் இன்ஸ்பெக்டர். "நானும் இங்க முடி வெட்டிக்க வர்றவதான். அப்படித்தான் விஷயம் என் காதுக்கு வந்துச்சு. க்ரீம் லேபுக்குப் போயிருக்கு. நீங்க ஆட்டோ ஏறினதுமே எங்க ஆளுங்க உங்க கம்பெனிக்குள்ள நுழைஞ்சாச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க வந்து மெஷினைப் போட்டதையும், போட்ட வேகத்துல நிறுத்தினதையும் வாட்ச்மேன் சொல்லிட்டார். ஒரே ஒரு டியூபுக்கு யாராவது மெஷினை ஓட்டுவாங்களா சார்? இப்ப இது வேற. டாக்டர் அன்னைக்கு உங்க முகத்துக்கு நேராச் சொன்ன விஷயத்தை, உயிர் போகுதுன்னு கேட்டப்பக்கூட மறைச்சிருக்கீங்க. சாட்சியா நாங்க இத்தனை பேர் நிக்கறோம்."

"அப்ப போன்ல பேசின டாக்டர்?"

"எங்க ஸ்டேஷன் ஏட்டு. நாடகத்துல நடிச்ச ஆள். நீங்களும் நல்லாத்தான் நடிச்சீங்க. குறை சொல்றதுக்கில்லை!"

சூப்பர்வைசர் மனைவியின் பக்கம் திரும்பினான். வேறு யாரிடம் கெஞ்சுவது?

"ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? காதுல இப்படி ஆகியிருக்குன்னு..."

அவள் தலையைச் சாய்த்து முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

காதுக்குப் பின்னால் கழுத்துவரை நெருப்பாகச் சிவந்து, கொப்புளங்கள் உடைந்து நீர் கோத்திருந்தது. இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த பெண் கான்ஸ்டபிளே அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு நாளாங்க" என்றாள். "ஒரே வீட்லதான் இருந்தேன். உங்களுக்கு எதிர்ல உக்காந்துதான் சாப்பிட்டேன். முடியை ஒதுக்கிப் பின்னாடி தூக்கித்தான் கட்டியிருந்தேன். வேணும்னே கட்டினேன். என்னடி இதுன்னு ஒரு தடவை கேட்டுட மாட்டாரான்னு..."

முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்திருந்தால், குட்டு உடைந்தது அப்போதே தெரிந்திருக்கும். டியூபைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத் தப்பித்திருப்பான். பார்க்கவில்லை. மனைவியைப் பார்ப்பதை அவன் விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் இப்போது அவன் கையில் விலங்கு மாட்டியது.

ஜீப்பில் ஏற்றினார்கள். கதவு அறைந்து மூடியது.

பார்லருக்குள் சுருட்டை கிண்ணத்தைக் கழுவ ஆரம்பித்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் தொழிலையே பேசினாள்.

"அக்கா... காது முதல்ல ஆறட்டும். ஆறினதும் அந்த நல்ல டியூப்ல மறுபடி ஒரு சொட்டு வெச்சுப் பார்ப்போம். ஒத்துக்கிச்சுன்னா கரும்பழுப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா."

"யாருக்குக் காட்டறதுக்கு?"

சுருட்டை குழாயை இன்னும் திறந்துவிட்டாள். தண்ணீர் கறுப்பாக ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த நரைக்காகப் பட்ட அவமானமெல்லாம் நெஞ்சில் புரண்டது. கத்தி அழ வேண்டும்போல இருந்தது. அழுகைகூட வர மறுத்தது.

வாசலுக்குப் போன இன்ஸ்பெக்டர் மனசு கேட்காமல் திரும்பி வந்தாள்.

"மனசை விடாதீங்கம்மா. உங்க நரையைத்தானே கேலி பண்ணினார்? ஜெயிலுக்குள்ள டையெல்லாம் கிடைக்காது. ஆறு மாசம் கழிச்சுப் பாருங்க. அவர் தலையும் வெளுத்துடும்."

மனைவி கண்ணாடியிலேயே இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா? பதினஞ்சே நாள் போதும் மேடம்! ரெண்டு கையிலயும் கிளவுஸை மாட்டிக்கிட்டு, அந்தத் தலைக்கு டை அடிச்சுவிட்டுட்டு இருந்தது நான்தானே!"