இரவல் நாடி

காலை ஏழு மணிக்கு மருந்துக்காவலின் முன் உள்ளங்கையைக் காட்டிவிட்டுத்தான் செவிலி பெனிட்டா வேலையைத் தொடங்குவாள். அவசரப் பிரிவின் மருந்தெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். நோயாளியின் கையிலுள்ள நாடிக்காப்பைப் படித்து, அவருக்கு ஒத்துவரும் மருந்துக்கு மட்டும் அது கதவைத் திறக்கும். மருத்துவரே கெஞ்சினாலும் மசியாது. தப்பான மருந்தால் யாரும் சாகக்கூடாது என்று வந்த சட்டம். நல்ல சட்டம்தான்.

காப்பு அணிந்தவருக்கு அடிக்கணக்கை மட்டும் காட்டும். நோய் விவரம் பெட்டிக்கு மட்டுமே தெரியும். ஜனங்கள் பயந்துவிடக் கூடாதாம்! நாளுக்கு ஆறாயிரம் அடி நடக்காவிட்டால் காப்பு நச்சரிக்கும். சோம்பேறிக் கணவன்மார் அதைக் கழற்றி மனைவி கையில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். கடற்கரைச் சாலையில் இரண்டு காப்போடு நடக்கும் பெண்களைப் பார்த்துப் பெனிட்டாவே சிரித்திருக்கிறாள்.

அன்று எட்டரைக்கு வேலவனைத் தூக்கி வந்தார்கள். ஐம்பது வயது. இதயத்தின் கீழறை தறிகெட்டுத் துடித்தது. மின்னதிர்ச்சி கொடுத்தால் அடங்கி, உடனே மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதை அடக்கி வைக்க அமியோடரோன் என்ற மருந்து வேண்டும். மனைவி திலகா தன் கையிலிருந்த இரண்டு காப்பில் ஒன்றைக் கழற்றி அவர் கையில் மாட்டினாள்.

"மறுக்கப்பட்டது," என்றது மருந்துக்காவல். "ஓராண்டுப் பதிவின்படி நாடி நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு; மிகக் குறைவு. இதயத்தின் மின்னோட்டத்தில் அடைப்பு உள்ளது. இம்மருந்து இவர் இதயத்தை நிறுத்திவிடலாம்."

பெனிட்டா திலகாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, இத்தனை நாளா இது யாரு கையில கெடந்துச்சு?"

"என் கையிலதான் சிஸ்டர், ஒரு வருசமா. அவுகளுக்கு நடக்கப் பிடிக்காது. எல்லாரும் இப்படித்தானே செய்யுறாக!"

"பதிவு தப்பு! ஆளு வேற!" என்று பெனிட்டா பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏற்கப்பட்டது. புதிய பதிவுக்குப் பன்னிரண்டு நிமிடம் தேவை."

மருத்துவரும் அவளும் மாறி மாறி மார்பை அழுத்தினார்கள். கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் குப்பி தெரிந்தது. நாற்காலியைத் தூக்கி அடித்துப் பார்த்தாள். கீறல்கூட விழவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் திரையில் கோடு நேராகப் படுத்துவிட்டது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் கதவு திறந்தது.

"நல்லதுன்னுதானே நடந்தேன்," என்றாள் திலகா. "நடக்கையில அடிக்கடி கண்ணைக் கட்டும். அப்பவும் நிறுத்தலையே. நானே அவுக உசுருக்குக் குறுக்க நின்னுட்டேனா, சிஸ்டர்?"

அந்த நாற்பத்திரண்டு யாருடைய நாடி என்பது பெனிட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. திலகாவின் மணிக்கட்டைப் பிடித்து, அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள்.