மற்றும் நண்பர்கள்

ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கீழே கடையில் வடை வேகும் வாசனை. கதவோரம் ஒரு ஜோடி செருப்பு, வீட்டைப் பார்த்தபடி.

நாளிதழ்க் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. குனிந்து படித்தேன். என் தம்பி லோகனின் மரண அறிவிப்பு. போன வருடம் நான் எழுதிக் கொடுத்தது. தாய், சகோதரி, மருமக்கள். கடைசியில் ‘மற்றும் நண்பர்கள்’.

அந்த நண்பர்களில் ஒருவர்தான் கதவைத் திறந்தார். யுகேந்திரன். காகிதத்தில் சிற்பம் செய்பவர். லோகனோடு ஒன்பது வருடம் இங்கே குடித்தனம் செய்தவர். இறுதிச் சடங்கன்று அவரை எங்கள் கிள்ளான் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டோம். பிறகு லோகனின் சட்டை, செருப்பு எல்லாவற்றையும் நானே வந்து அள்ளிக்கொண்டு போனேன்.

“நீங்க வைக்கப்போற கண்காட்சியில தம்பி பேரு வரக்கூடாது. அம்மா காதுக்குப் போனா தாங்க மாட்டாங்க.”

“அவன் சாமான் ஒண்ணுகூட இல்லக்கா. ஞாபகத்துல இருந்து செஞ்சேன்.” குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. “இதையும் கொண்டு போங்க லா.”

எடுத்தேன். இடது குதி மட்டும் தேய்ந்திருந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது முதல் லோகன் இடது காலை இழுத்துத்தான் நடப்பான்.

“அப்படியே தேய்ச்சிருக்கீங்க.”

“நான் தேய்க்கல.”

ரயிலேறிக் கிள்ளான் வந்து, குப்பைத்தொட்டியில் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் அது எங்கள் வாசலில் கிடந்தது.

வீட்டைப் பார்த்தபடி.

குதி இன்னும் தேய்ந்திருந்தது. அம்மா பெயர், என் பெயர் அப்படியே இருந்தன. ‘மற்றும் நண்பர்கள்’ மட்டும் இல்லை.

நான் அலறவில்லை. வாசலைக் கூட்டினேன். சோறு வடித்தேன். முதலாண்டு நினைவஞ்சலியை எழுதி அனுப்ப வேண்டியிருந்தது, உட்கார்ந்தேன்.

சர்ர்.

கூடத்தில்.

சர்ர்.

என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. ஈரக் கோந்து வாசனை.

அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். “யாரு, லோகனா? செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லு.”

தாய் என்று போட்டு அம்மா பெயர். சகோதரி என்று போட்டு என் பெயர், மலர்விழி. ‘மற்றும்’ என்று தொடங்கியதை அடித்துவிட்டு, ‘யுகேந்திரன்’ என்று எழுதினேன்.

காலடி நகரவில்லை.

அந்தப் பெயருக்கு முன்னால், உறவு எழுதும் இடம் காலியாக இருக்கிறது.

கோந்து வாசனை என் தோளுக்கு மேல் குனிந்து, படிக்கக் காத்திருக்கிறது.