ஜமக்காளத்தின் மறுமுனை

ஈஸ்வர வருஷம் சித்திரையில், நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே இருந்த ஒரு பண்ணை வீட்டின் புறக்கடையில் சென்னியம்மாள் வந்து நின்றாள். ஊருக்குத் துணி வெளுப்பவள். இடுப்பில் மூன்று மாதப் பெண் குழந்தை. காய்ச்சலில் கிடந்து எழுந்ததில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீர் குழந்தைக்கு ஒட்டவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

பண்ணைக்காரி முத்தாயம்மாள், சுருட்டிக் கிடந்த ஜமக்காளத்தைக் காலால் தள்ளினாள். விரித்தால் இருபது பேர் உட்காரலாம்.

"நாளன்னிக்கு எம்பையனுக்கு ரெண்டாங் கண்ணாலம். வெளுத்துக் கொண்டா. உம்புள்ளைக்குத் தெனமும் கால்படி பசும்பால் ஊத்தறேன்."

சாவு விழுந்த படுக்கை வெளுப்பவளுக்குத்தான் சேரும். செத்தவரின் பிடி விட்டுப்போக, அதன் ஓரத்தைக் கிழித்த பிறகே தண்ணீரில் நனைப்பார்கள். அந்த வீட்டுக்கு அது திரும்பாது. அதனால் எந்தப் படுக்கையை எடுத்தாலும் சென்னியம்மாள் ஒரு கேள்வி கேட்பாள்.

"ஏனுங்காத்தா, இதுல ஆராச்சும்..."

"இல்லீடி. கமலவேணி பாயிலதான் போனா. அந்தப் பாயத்தான் எரிச்சுப்போட்டமே."

கமலவேணி அந்தப் பையனின் மூத்த தாரம். மாசியில் அவள் பெற்ற பிள்ளை பிறந்ததுமே இறந்தது. மூன்றாம் நாள் பால் கட்டி, ஜன்னி கண்டு அவளும் போனாள். மாசியில் செத்தவளுக்குச் சித்திரையில் மாற்று! பண்ணைக்காரர்கள் அவசரம் அப்படி.

கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு மேலே துருவ யாருக்கு மனசு வரும்? சென்னியம்மாள் அதைக் கழுதைமேல் ஏற்றினாள்.

ஏரிக்கரைப் புங்கமரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டாள். உச்சி வெயில். சுற்றிலும் ஆளில்லை. கணவன் அங்கமுத்து வெளுத்த துணிகளோடு அடுத்த ஊருக்குப் போயிருந்தான்.

நனைந்த ஜமக்காளம் எருமைபோலக் கனத்தது. மிதித்தாள். அலசினாள். செந்நிறமாகக் கலங்கிய தண்ணீரைப் பார்த்து, சிவப்புக் கோட்டின் சாயம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

பிறகு வாடை வந்தது.

எத்தனையோ பிரசவத் துணிகளை அலசியவளுக்கு அந்தக் கவிச்சி தெரியாதா? கமலவேணி செத்தது இதில்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள் முத்தாயம்மாள். ஓரம் கிழிக்காமல் தண்ணீரில் இறக்கியாயிற்று.

போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். கால்படி பாலை நினைத்தாள். முறுக்கிப் பிழிந்துவிட்டால் முடிந்தது.

ஆளுக்கொரு முனை பிடித்து எதிரெதிராக முறுக்கும் வேலை அது. மறுமுனையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, தன் முனையை முறுக்கினாள். பிடிக்க ஆளில்லாத முனை சேர்ந்து உருண்டிருக்க வேண்டும்.

உருளவில்லை.

இறுகியது.

இன்னொரு முறுக்குப் போட்டாள். அந்தப் பக்கமிருந்தும் ஒரு முறுக்கு, எதிர்த்திசையில்.

ஜமக்காளம் தண்ணீரை விட்டு மேலே எழும்பி விறைத்து நின்றது. செந்நீர் சொட்டியது. மறுமுனையில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

"ஆரது?"

சென்னியம்மாள் கையை விடவில்லை. தான் பிடித்திருக்கும்வரைதான் அது அந்த முனையில் நிற்கும். விட்டால், பின்னால் தூளி இருக்கிறது.

"சாமி... ஓரங் கிழிக்காதது என் தப்புத்தானுங்க. எம்புள்ளைய ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க."

மறுமுனை பொத்தென்று தண்ணீரில் விழுந்தது.

பின்னால், குழந்தையின் முனகல் நின்றுபோனது.

விழுந்தடித்து ஓடித் தூளியை விரித்தாள். குழந்தை உயிரோடு இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்திருந்தது. உதட்டோரம் வெள்ளையாக ஏதோ வழிந்தது. தொட்டாள்.

வெதுவெதுப்பான பால்.

ஜமக்காளத்தை ஏரியிலேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் உச்சிப்பொழுதில், பாயில் கிடந்த குழந்தை ஆளில்லாத பக்கம் முகத்தைத் திருப்பி வாய் திறந்தது. சப்பிக் குடிக்கும் சத்தம் வீடெங்கும் கேட்டது.

பூசாரியைக் கூட்டிவர எழுந்தான் அங்கமுத்து. சென்னியம்மாள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது.

"இருங்க," என்றாள் மெல்ல. "குடிச்சு முடிக்கட்டும்."