பாரை மீனும் கித்துள் பாணியும்

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. திருகோணமலைக் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் கிடைத்த கடைக்குள் பாய்ந்தார்கள். கனகரத்தினம் முதலாளியின் மின்சாதனக் கடைக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு பேர். வாசல் படியோரம், ஊருக்குள் திரியும் இரண்டு மான்களும் ஒண்டிக்கொண்டு நின்றன.

நிப்லா தலைகளை எண்ணிப் பார்த்தாள். இத்தனை பேரா...

இன்றுதான் அவளுக்கு முதல் நாள். காலை பஸ்ஸில் கிண்ணியாவிலிருந்து வந்திருந்தாள். மூன்று நாட்கள் கடை வாசலில் நின்று, சூட்டுக் காற்றில் பொரிக்கும் எயார் ஃப்ரையர் மெஷினில் சமைத்துக் காட்ட வேண்டும். ஆட்கள் வாங்கினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூன்று நாளோடு சரி என்று முதலாளி முதலிலேயே சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். ஒரு முதியவருக்குக் குடை பிடித்தபடி படியேறி வந்தான். குடை முழுவதும் அவர் தலைக்கு மேல் இருந்தது. அவன் தலையிலிருந்து தண்ணீர் ஓடையாய் வழிந்தது. முதியவரைக் கதிரையில் இருத்தி, அவருடைய கால்களைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தான். மழைத்துளி தங்கிய இமைகள்... அதற்குள் கறுத்த, களைத்த இரண்டு கண்கள். அவை ஒரு நொடி அவள் கண்களைத் தொட்டன. நிப்லா அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெஷினைத் திறந்தாள்.

ஆவிதான் முதலில் வந்தது. பிறகு மீன்துண்டுகள். மொறுமொறுவென்று பொன்னிறமாக இருக்க வேண்டியவை தொளதொளவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேலே தடவிய கித்துள் பாணி, அந்தப் பனைமரத்துத் தித்திப்புப் பாகு, அங்கங்கே கருகியிருந்தது. அவள் முகத்தை மாற்றாமல் துண்டுகளைத் தட்டில் வைத்து நீட்டினாள். முதியவர் ஒன்றை எடுத்தார். அவனும் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"இது பொரிச்ச மீனில்ல," என்றான். "அவிச்ச மீன்."

கூட்டம் சிரித்தது. மெஷினின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பதி மெல்ல நழுவினார்கள். கனகரத்தினம் மேசைக்குப் பின்னால் இருந்து அவளைப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. நிப்லாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அழக்கூடாது... இவனுக்கு முன்னால் மட்டும் அழவே கூடாது.

மழை விட்டதும் அவன் தகப்பனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான். போகும்போது முதியவர் தட்டிலிருந்து இன்னும் இரண்டு துண்டுகளை எடுத்துச் சாப்பிட்டதை அவள் கவனிக்கவில்லை.

அவன் கவனித்தான்.

றுவைஸ் என்ற அவன் துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவன். வாப்பா ஸைனுலாப்தீன் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் ஒப்பரேஷன். எண்ணெயில் பொரித்த மீனைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிசனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கஞ்சி வைத்தால் இரண்டு கரண்டி. அவித்த மீன் வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். உம்மாவும் மௌத்தாகிப் போன வீட்டில் றுவைஸ் ஒருவன்தான் அவரோடு மல்லுக்கட்டினான். உடம்பு பாதியாகிப்போன அந்த மனிதர் இன்று தானாகக் கைநீட்டி மூன்று துண்டுகள் சாப்பிட்டிருக்கிறார்.

ஜமாலியாப் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் புள்ள பாணிக்குள்ள என்ன போட்டிச்சு மகன்?"

றுவைஸுக்கு அந்தப் பெண்ணின் நிறைந்த கண்கள் நினைவுக்கு வந்தன. சீ... என்ன வேலை பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு அவன் வந்து நின்றான். கையில் ஒரு பை. நிப்லா அவனைப் பார்த்ததும் மெஷினைத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே துடைத்த மெஷின்தான். முதலாளியும் நாலைந்து வாடிக்கையாளர்களும் கேட்கும்படி அவன் பேசினான். தான் நேற்றுச் சொன்னது பிழை என்றான். அந்தப் பாணியின் ருசியில் தன் வாப்பா இரண்டு மாதத்துக்குப் பிறகு சாப்பிட்டார் என்றான்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க. எப்பிடிச் செய்யிறது எண்டு எனக்குச் சொல்லித் தாங்க."

"அவிச்ச மீன் செய்ய உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அவள், நிமிராமலே.

"தெரியும். அதைத்தான் வாப்பா ரெண்டு மாசமாத் தள்ளி வைக்கிறார்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். பையைத் திறந்து பார்த்தாள். விடியற்காலை கரைக்கு வந்த பாரை, சதை தெளிந்து பளபளத்தது. முள்ளை எடுத்து, இரண்டு விரல் அகலத் துண்டுகளாய் அவனே வெட்டியிருந்தான்.

நேற்றைய பிழை எது என்று அவன்தான் சொன்னான். ஐஸில் இருந்த மீனை ஈரத்தோடு போட்டிருக்கிறாள். ஈரம் இருந்தால் சூட்டுக் காற்று மீனை அவிக்கத்தான் செய்யும். இருவரும் மேசையின் இரு பக்கமும் நின்று ஒவ்வொரு துண்டாகத் துணியால் ஒற்றி எடுத்தார்கள். மஞ்சள், மிளகு, கொஞ்சம் பிழிந்த தேசிப்புளி. உப்பைக் கையில் எடுத்தவள் சட்டென்று நின்று, வாப்பாவுக்குப் பிரஷர் இருக்கிறதா, சீனி வருத்தம் இருக்கிறதா என்று விசாரித்தாள். சீனி இல்லை, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார் என்றான். அவள் எடுத்த உப்பில் பாதியைத் திரும்பக் கொட்டினாள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறாளே... அவன் ஒரு துண்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அந்தத் துண்டு காஞ்சு கருவாடாகப் போகுது," என்றாள் நிப்லா.

அரிசி மாவும் கோர்ன் மாவும் கலந்து, முட்டையின் வெள்ளைக்கருவில் தோய்த்த துண்டுகளை அதில் புரட்டினாள். எண்ணெயைத் தூரிகையால் தொட்டும் தொடாமலும் தடவினாள். இந்த முறை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விட்டு வைத்தாள். இருநூறு பாகைச் சூட்டில் பன்னிரண்டு நிமிடம், இடையில் ஒரு தரம் திருப்ப வேண்டும். அதற்குள் சின்னச் சட்டியில் கித்துள் பாணியைச் சூடாக்கினாள். நசுக்கிய உள்ளிப்பூண்டு, இடித்த செத்தல் மிளகாய், ஒரு கரண்டி வினாகிரி. பாணி நுரைத்துத் தடித்ததும் இறக்கி வைத்தாள். மீனோடு சேர்த்து உள்ளே வைத்ததால்தான் நேற்றுக் கருகியது. இன்று மீன் வெளியே வந்த பிறகுதான் பாணி.

மெஷினைத் திறந்தபோது துண்டுகள் கூடைக்குள் கலகலவென்று உருண்டன. அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. நிப்லா கண்ணை மூடி நீளமாய் ஒரு மூச்சு விட்டாள். சூட்டோடு பாணியை ஊற்றிக் குலுக்கினாள். அவன் வாப்பாவுக்கு ஒரு பங்கைக் கட்டி வைத்தாள், மிச்சத்தைக் கூட்டம் காலி செய்தது. அன்று மட்டும் ஐந்து மெஷின்கள் போயின. அதில் ஒன்று றுவைஸுடையது.

போகும்போது அவன் திரும்பி நின்றான். நாளைக்கு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது, கடலைப் பார்க்காமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கித்துள் வாசம் இன்னும் போகவில்லை...

மூன்றாம் நாள். பத்து மணியாயிற்று. பதினொன்றாயிற்று. அவன் வரவில்லை.

செய்முறை கிடைத்துவிட்டது, இனி என்னத்துக்கு வரப்போகிறான் என்று நினைத்தாள். நினைத்ததும் கோபம் வந்தது. அவன்மேலா, தன்மேலா என்று தெரியவில்லை.

அந்த நேரம் மெஷின் வாங்க வந்த ஜமாலியாப் பெண் ஒருத்தி, விலையைக் கேட்டுவிட்டுத் தயங்கினாள். தன் பக்கத்து வீட்டு ஸைனுலாப்தீன் நேற்று மகன் இந்தக் கடையில் மெஷினில் செய்து கொண்டுவந்த மீனைச் சாப்பிட்டாராம், இன்று காலை மயங்கி விழுந்துவிட்டாராம், மகன் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனானாம்.

நிப்லாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. உப்பா... நான் போட்ட உப்பா? பாதியைக் கொட்டினேனே. அது போதாதா? யா அல்லாஹ், அந்த மனிசனுக்கு நான் என்ன செய்துவிட்டேன்...

முதலாளியிடம் போய் நின்றாள். கனகரத்தினம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்றைய வியாபாரம் போனால் போகட்டும், வேலை நிரந்தரம்தான் என்று சொல்லி, தன்னுடைய குடையை எடுத்து நீட்டினார்.

வெளியே மழை சீறிக்கொண்டிருந்தது. குடையை விரிக்க வேண்டும் என்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நனைந்த செருப்போடு ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் வார்ட் வார்ட்டாகத் தேடினாள். ஒவ்வொரு கட்டிலையும் எட்டிப் பார்க்கும்போதும் உயிர் போய் வந்தது. கடைசி வார்ட்டில் ஜன்னலோரக் கட்டிலில்...

ஸைனுலாப்தீன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாதியிடம் கஞ்சியில் உப்பே இல்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க மகள். மீன் கொண்டு வந்தீங்களா?"

நிப்லா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை பிடித்துவைத்திருந்த அழுகை அங்கேயே உடைந்தது. சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். மருந்து வாங்கிக்கொண்டு வந்த றுவைஸ் அவளை அந்தக் கோலத்தில் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

வெளி நடைக்கு வந்து அவன்தான் விளக்கினான். காலையில் பிரஷர் குளிசையைப் போட்டதை மறந்து வாப்பா இன்னொன்றும் போட்டுவிட்டார். பிரஷர் இறங்கி மயங்கிவிட்டார், அவ்வளவுதான். மீனில் ஒரு பிழையும் இல்லை. வயிறு வெறுமையாக இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், சாப்பிடத் தொடங்கியது நல்லது என்று டொக்டரே சொன்னாராம். நாளைக்கு வீட்டுக்கு விட்டுவிடுவார்களாம்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் அவள். சொல்லச் சொல்ல நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. "நான் என்னால எண்டு நினைச்சிட்டன்."

"மழையில இப்பிடியே வந்தீங்களா? கையில குடை இருக்கே."

அவள் குடையைப் பார்த்தாள். அதன் கட்டுக்கூட அவிழவில்லை. வெட்கத்தில் முகம் சிவந்தது. அவன் சிரிக்கவில்லை.

"எனக்குச் சுத்திவளைச்சுக் கதைக்கத் தெரியாது," என்றான். "முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான்... வாப்பாவைக் கூட்டிக்கொண்டு உங்கட வீட்டாரைக் காண வரட்டா?"

எத்தனை ஆசையாகக் கேட்க வேண்டிய வார்த்தை... ஆனால் பொய்யில் தொடங்க நிப்லாவுக்கு விருப்பமில்லை. பெண் வீட்டார்தான் வீடு கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். வாப்பா இல்லாத அவள் வீடு அரைச் சுவரோடு ஐந்து வருடமாக நிற்கிறது. போன வருடம் பேசி முடித்த கல்யாணம் அதனால்தான் நின்றது. தலையைக் குனியாமல், அவன் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். சீதன வீடு தரத் தங்களால் ஏலாது. இரக்கப்பட்டு வருகிறவர் வரவும் வேண்டாம்.

றுவைஸ் முழுவதையும் கேட்டான்.

"எங்கட வீட்டுக்குச் சுவரிருக்கு, கூரையிருக்கு," என்றான். "ஆக்கள்தான் இல்ல. ரெண்டு மாசமா அந்தக் குசினியில நான் பயந்து பயந்துதான் அடுப்பு மூட்டுறன். நேத்துத்தான் வாப்பா சாப்பிட்டார். நேத்துத்தான் நானும் நிம்மதியாப் படுத்தன். எங்கட மேல நீங்கதான் இரக்கப்படணும், நான் இல்ல."

மழை ஓய்ந்து, கூரைத் தகரத்திலிருந்து துளித்துளியாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு வருடமாய் மனதில் கிடந்த அந்தப் பழைய அவமானம் எங்கே என்று தேடிப் பார்த்தாள். காணவில்லை.

"வேணாம் எண்டா சொல்லுங்க," என்றான் அவன் மெதுவாக. "நான் கரைச்சல் தரமாட்டன்."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்ச பொறகு வாங்க," என்றாள் நிப்லா. கண்கள் அவனை விட்டு நகரவில்லை. "உம்மாட்ட நான் இண்டைக்கே சொல்லிருவன்... எனக்கு விருப்பம் எண்டு."