வேரில்லாமல் நட்டவை

நட்டு ஒரு வாரமாகியும் ஓர் இலைகூட வாடவில்லை. அதுதான் உதைத்தது.

முதலமடை வெயிலில் வேரோடு வைத்த கன்றே கருகிப்போகும். அருள்குமார் வைத்தவையோ மாந்தோப்பில் வெட்டி எறிந்த கிளைகள். எரிவாயுக் குழாய் புதைத்தபின் நிலத்தைப் பழையபடி ஆக்கித்தரும் வேலைக்கு அவன் சூப்பர்வைசர். தோண்டும்போது ஒதுக்கிவைத்த மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டு, பள்ளத்தைக் கல்தூளால் மூடி, ஓரமெல்லாம் கன்றுக்குப் பதிலாகக் கிளைகளைக் குத்தியிருந்தான். மூளை இல்லாதவன் இல்லை. இருந்ததை இப்படித்தான் செலவழித்தான், வெட்கங்கெட்டவன். இன்று சாயங்காலப் பரிசோதனையில் தேறினால் மேனேஜர். மாட்டினால் ஜெயில்.

"ஏனுங்க, எம்பட மேல்மண்ணு எங்கீங்க?" என்று நிலத்துக்காரி நாச்சம்மாள் கேட்கும்போதெல்லாம், "எல்லாம் கீழதான் இருக்குதுங்க" என்று இளிப்பான்.

இன்று வேறொன்று கேட்டாள். "அடியில வெறும் கல்லுத்தூளு. குச்சி என்னத்தத் தின்னு தழையுதுங்க?"

"உங்களுக்கென்னங்க தெரியும், போங்க."

அவள் போனாள். மலைக் கணவாய்க் காற்று ஓய்ந்து, அழுகிய மாம்பழமும் ஈரச்சாக்கும் கலந்த வாடை வறண்ட தூளுக்கடியிலிருந்து மெல்ல எழும்பி அவன் தொண்டையில் தங்க, கூடவே மாடு வைக்கோல் மெல்வது போல ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் மாடு எதுவும் இல்லை.

பயந்துவிட்டான். வாய்ச்சவடாலெல்லாம் போன இடம் தெரியவில்லை. என்னதான் என்று பார்த்துவிட ஒரு கிளையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.

கீழிருந்து எதுவோ திருப்பி இழுத்தது.

கையை விடப் பார்த்தான். கிளை விடவில்லை. கால் தூளுக்குள். முட்டி. இடுப்பு. கத்தினான். வாய் நிறையத் தூள்.

ஜீப் வந்து நின்றது. பரிசோதனை அதிகாரி சோனா, நாச்சம்மாளோடு ஓரமாக நடந்து வந்தாள். கழுத்துவரை புதைந்திருந்தவன் கண்ணாலேயே கெஞ்சினான். சோனா பார்த்தாள். அவளுக்கு இலைதான் தெரிந்தது.

"சூப்பர்வைசர் எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"இங்கதானுங்க அம்மிணி இருந்தாப்ல."

"ஒண்ணு பறிச்சுப் பார்க்கட்டே."

குனிந்தாள். இலைக்கொத்தென்று அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பலம்கொண்டமட்டும் இழுத்தாள். தலைக்குள் ஏதோ கிழிந்தது.

"நல்ல வேர். பாஸ்," என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குத் திரும்பினாள்.

நாச்சம்மாள் மட்டும் நின்றாள். இலைகளை விலக்கி அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு, கன்று நட்டவர்கள் செய்வதைப் போல, அவன் கழுத்தைச் சுற்றிக் காலால் அழுத்தி அழுத்தி மிதித்தாள்.