குடைக்கம்பி நட்சத்திரம்

பேருந்தில் குடையை மறந்துவிட்டு இறங்கிவிடுகிறீர்கள். அந்தக் குடை எங்கே போகும்? குருவி என்ற சிறுமியின் அம்மா வேலை பார்த்த அலுவலகத்துக்குத்தான் போகும்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கையால் கிழித்துக் கொடுத்த காலம் அது. பேருந்து நிலையத்தின் கோடியில், பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை. உள்ளே கூரை வரைக்கும் அலமாரிகள். ஜனங்கள் மறந்துவிட்டுப் போனதெல்லாம் அங்கே வந்து சேரும். குடைகள், சாவிகள், தொப்பிகள், ஒற்றைக் கையுறைகள். ஒருமுறை ஒரு பல்செட்டுகூட வந்தது. குருவி சிரித்தாள்.

"சிரிக்காதே. இது இல்லாம ஒருத்தர் மெல்ல முடியாமத் திண்டாடிக்கிட்டு இருப்பார்" என்றார் சீட்டு மாமா.

சீட்டு மாமாதான் அங்கே அதிகாரி. எந்தப் பொருள் வந்தாலும், கிடைத்த இடமும் தேதியும் எழுதி ஒரு சீட்டைக் கட்டிவிடுவார். கை சும்மா இருக்காது. அவருடைய சாப்பாட்டு டப்பாவிலும் ஒரு சீட்டுத் தொங்கும்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. கிடைத்த வருஷம் முடிந்து அடுத்த டிசம்பர் வந்தும் யாரும் கேட்டு வராத பொருள் பழைய சாமான்காரருக்குப் போய்விட வேண்டும். ஊரார் பொருளை நாம் தொட்டு உபயோகிக்கக் கூடாது. வெளியே மழை கொட்டும். உள்ளே குடைகள் குவிந்து கிடக்கும். மாமா தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நனைந்தபடியே வீட்டுக்கு ஓடுவார்.

அவருக்கென்று ஒரு குடை இருக்கத்தான் செய்தது. குருவி கைக்குழந்தையாக அம்மாவின் மேஜைக்கடியில் கூடையில் தூங்கிய வருஷம், காற்று அதைத் திருப்பிப் போட்டு ஒடித்துவிட்டது. அந்தக் கம்பிகளை வளைத்து, சிவப்புக் காகிதம் ஒட்டி, அம்மா ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்தாள். "உனக்கும் அதுக்கும் ஒரே வயசு" என்பாள் குருவியிடம். அதற்கு ஒரு கால் மட்டும் கொஞ்சம் நொண்டி.

வருஷா வருஷம் விடுமுறை விட்டதும் குருவி அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். மேல் தட்டிலிருந்து அலங்காரப் பெட்டி இறங்கும். பஞ்சுப் பனி, நாக்கில்லாத மணி, மினுமினுக்கும் சரிகை, கடைசியில் நட்சத்திரம். அதை ஜன்னலில் கட்டினால்தான் குருவிக்குக் கிறிஸ்துமஸ்.

அந்த வருஷமும் வந்தாள். ஏணியில் ஏறினாள். மேல் தட்டு காலியாக இருந்தது.

"அம்மா, நம்ம பெட்டி எங்கே?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "சார், மேல் தட்டு மூலையில ஒரு மரப்பெட்டி இருந்துச்சே, சீட்டுக் கட்டினது... அது ஏதுங்க சார்?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். "போன வருஷம் எடுத்து வைக்கும்போது நான்தான் கட்டினேன். கிடைத்த இடம், நம்ம அலுவலகம்னு எழுதி. பழக்கதோஷம்."

"நான் தேதியை மட்டும் பார்த்தேன். போன வருஷத்துதாச்சேன்னு பழைய சாமான் வண்டியில ஏத்திவிட்டுட்டேன்" என்றாள் அம்மா.

மாமா உடனே பழைய சாமான்காரருக்குப் போன் போட்டார். யாரோ ஓர் அம்மா வாங்கிப் போய்விட்டாராம். யார் எவர் என்று தெரியாது.

"ஊர்ல எல்லாரும் தொலைச்சதைத் தேடிக் கொடுக்கிறோம். நம்ம கையாலயே நம்முடையதைத் தொலைச்சிட்டோம் பாரு" என்று மாமா சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்று முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டே வேலை பார்த்தாள். மத்தியானச் சாப்பாடும் இறங்கவில்லை.

குருவிக்கு அதுதான் தாங்கவில்லை. நட்சத்திரம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவின் முகத்தை அப்படிப் பார்க்க முடியவில்லை.

அலமாரிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சிவப்புக் கையுறை ஒன்று. பச்சைக் கையுறை ஒன்று. பளபளக்கும் சாவி. குஞ்சம் வைத்த குழந்தைத் தொப்பி.

"மாமா, இதையெல்லாம் ஜன்னல்ல கட்டித் தொங்கவிடலாமா?"

"ஊரார் பொருள்ல நமக்கு அலங்காரமா? நல்லா இருக்கு கதை."

"நாம போட்டுக்கப் போறதில்லையே மாமா. இப்போ இதெல்லாம் இருட்டுல கிடக்கு. ஜன்னல்ல தொங்கினா, தொலைச்சவங்க கண்ணுல படும் இல்லையா? சீட்டு பாட்டுக்குச் சீட்டு இருக்கட்டும்."

மாமா யோசித்தார். சட்டத்தில் இடுக்கு எங்கே என்று தேடுவதுபோல மேலும் கீழும் பார்த்தார். "சீட்டை அவிழ்க்கக் கூடாது" என்றார் கடைசியில்.

அவ்வளவுதான். குறுக்கே கயிறு கட்டி, கையுறைகளும் தொப்பிகளும் சாவிகளும் வரிசையாக ஏறின. காற்றில் சீட்டுகள் படபடத்தன. அம்மாவும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வந்து ஒரு குட்டி ஷூவைக் கட்டினாள்.

மறுநாளே ஒரு தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவந்தார். "அந்தப் பச்சைக் கையுறை என்னோடதுங்க. ஜோடியை வீட்டுல வெச்சிக்கிட்டு ஒரு கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டுத் திரியறேன்." அடுத்து ஒரு பாட்டு டீச்சர் தொப்பிக்காக வந்தார். ஜன்னலில் அலங்காரம் குறையக் குறைய மாமாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கண்டக்டர் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பஸ்ஸோட கடைசி இருக்கைக்கு அடியில கிடந்துச்சு."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அதே பெட்டி. மூடியைத் திறந்தால் அதே சிவப்பு நட்சத்திரம், அதே நொண்டிக் கால். வாங்கியவர் பேருந்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு சொல்லுவாங்க. நம்ம பெட்டி நம்மகிட்டயே வந்துடுச்சு" என்றார் மாமா. அம்மாவின் கைகள் நட்சத்திரத்தைத் தொட நீண்டன.

அப்போதுதான் குருவி அதைப் பார்த்தாள். பஞ்சுக்கு மேலே ஒரு காகிதச் சங்கிலி. வளையம் வளையமாக, கோணல்மாணலாக, பசை அப்பி, பாதியில் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் சொன்னாள்.

"அம்மா, யாரோ ஒரு சின்னப் பிள்ளை பாதி செய்து வெச்சிருக்கு. இப்போ தேடிக்கிட்டு இருக்கும்."

அம்மாவின் கைகள் நின்றன. மெதுவாகப் பின்னால் வந்தன. மூடியை அவளே மூடினாள். மாமா ஒரு சீட்டை எடுத்துக் கட்டினார்.

சாயங்காலம் ஓர் அம்மா, ஐந்து வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையனின் கண்கள் அழுது சிவந்திருந்தன.

"பஸ்ஸுல ஒரு மரப்பெட்டியை விட்டுட்டோம். ஊருக்குப் புதுசுங்க. இப்படி ஓர் இடம் இருக்கிறதே தெரியாது. இவன்தான் ஜன்னல்ல தொங்குற கையுறையைப் பார்த்துட்டு, உள்ளே போகணும்னு இழுத்துக்கிட்டு வந்தான்."

"உங்க பெட்டியில என்ன இருந்தது, சொல்லு பார்ப்போம்" என்றார் மாமா பையனிடம். கேட்டுத்தானே கொடுக்க வேண்டும்?

"நட்சத்திரம்" என்றான் பையன். "ஒரு கால் நொண்டி. பாவம் அது."

குருவியின் அம்மா சட்டென்று திரும்பி அலமாரியை அடுக்க ஆரம்பித்தாள். குருவி பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நொண்டிக் காலை மேலே பார்த்துக் கட்டு. அப்போ யாருக்கும் தெரியாது. காகிதம் கிழிஞ்சா பின்பக்கம் ஒட்டணும், முன்பக்கம் ஒட்டாதே. சரியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதுக்கும் ஒரே வயசு" என்றாள் குருவி.

பெட்டி போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், குருவியும் அம்மாவும் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அலுவலக ஜன்னலில் இன்னும் ஒரே ஒரு குட்டி ஷூதான் பாக்கி. மழைத்தூறலில் கண்ணாடி மங்கியிருந்தது. குருவி விரலால் துடைத்தாள்.

"அம்மா, அங்கே."

ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு மாடி ஜன்னல். உள்ளே விளக்கு. விளக்குக்கு முன்னால் சிவப்பு நட்சத்திரம், நொண்டிக் கால் மேலே பார்த்தபடி. அதைச் சுற்றி, முழுசாகிவிட்ட காகிதச் சங்கிலி.

பேருந்து நின்று கிளம்பும் வரைக்கும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருத்தமா இருக்காம்மா?"

அம்மா குருவியைத் தன் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே என்ன கண்ணு? இருக்கிற இடம்தான் தெரிஞ்சுபோச்சே. தொலைஞ்சாத்தானே வருத்தம்?"